அழுகிற பாப்பா கவுன்

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நூஹு வீட்டில் அதற்கும் மேலே ஒரு படி போய், கிள்ளியதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. வயசாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், ஆத்திரம்தான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்காடு வலியங்காடியில் நூஹுவுக்குக் குழந்தைகள் துணிக்கடை. அவருடைய தம்பி ஷபீர் அதே கடையில் கல்லாவில் உட்காருகிறவன். அண்ணன் சொல்லுக்கு இதுவரை மறுசொல் சொல்லாதவன். ஷபீரின் மனைவி ருக்கியா மலை மேலே பீர்மேட்டில், எஸ்டேட் ஓரத்துக் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவள். இவர்களுக்கு ஒரே மகள் நஸ்ரின், ஒன்றாம் வகுப்பு.

வீட்டு டிவியில் 'அணில்பெட்டி' என்று ஒன்று உண்டு. மாதச் சந்தா கட்டினால் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கக் கார்ட்டூன் காட்டுகிற சேவை. ஒரு சாயங்காலம் டிவியை அணைத்ததும் நஸ்ரின் தரையில் விழுந்து புரண்டு அழுதாள். ஷபீர் சிரித்துக்கொண்டே அதைப் போனில் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். நூஹுவின் மகன் ஃபிரோஸ் அதை எடுத்து அணில்பெட்டிக்காரர்கள் நடத்திய ஏதோ போட்டிக்கு அனுப்பினான். இப்போது அது விளம்பரம். போனைத் திறந்தால் நஸ்ரின் வாயைப் பிளந்து அழுகிறாள், கீழே 'உங்கள் வீட்டில் அணில்பெட்டி இல்லையா? இதுதான் நடக்கும்' என்று எழுத்து ஓடுகிறது.

அவள் ஏன் அழுதாள் என்பதை மட்டும் வெட்டிவிட்டார்கள். விக்கலுக்கு நடுவே அவள் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "டிவிய அணைச்சா அணிலு உள்ள இருட்டுல தனியா இருக்கும்ல அத்தா." இதைக் கேட்டால் யாருக்குச் சிரிப்பு வரும்? சிரிப்பு வராத இடத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

சரி, திங்கட்கிழமைக் காலைக்கு வருவோம்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதற்காக ருக்கியா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பு இடது காதில் பட்டது. பிள்ளை அப்படியே விறைத்துப்போனது. சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது.

"காதைக் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுங்குறேன்ல."

காது மடலுக்குள் சீழ் வடிந்து காய்ந்திருந்தது. ருக்கியா ஓடிப்போய்த் தலையணையைப் புரட்டினாள். அடிப்பக்கம் மஞ்சளாகக் கறை. பிள்ளை எழுந்ததும் தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்திருக்கிறது.

"எம்புட்டு நாளா வலிக்குது?"

நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா அழுக வந்துரும்."

"வரட்டும். வலிச்சா அழுகத்தான் வேணும்."

"அழுதா படம் புடிச்சுப் போட்டுருவாங்கம்மா. அப்பறம் ஸ்கூல் வேன்ல எல்லாரும் என்னைய மாதிரியே அழுது காட்டுவாங்க."

பெற்றவள் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். அவள் எழுந்துவிடக் கூடாது என்று வலியை விழுங்கிக்கொண்டு படுத்திருக்கிறது ஆறு வயசுப் பிள்ளை. ருக்கியா பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலில் வந்த முதல் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ருக்கியாவை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு பழுத்திருக்கே, குழந்தை அழவே இல்லையா? நீங்க கவனிக்கவே இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தப்பில்லை. தாயைத்தானே கேட்பார்கள்.

ஆனால் மருந்து விட்டுப் பஞ்சு வைத்த நர்ஸ் சோனா இருக்கிறாளே, அவள் பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பார்த்ததும் பூரித்துப்போனாள்.

"அய்யோ, இது பரஸ்யத்துல வர்ற மோளல்லே! எங்கே, ஒரு தடவை அழுது காட்டு மோளே."

பரஸ்யம் என்றால் அங்கே விளம்பரம், மோள் என்றால் மகள். சோனா நல்ல பெண்தான், கொஞ்சத்தான் செய்தாள். காது பழுத்துக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து அழுது காட்டு என்று ஒரு நல்ல பெண் கேட்கிறாள் என்றால், அந்த விளம்பரம் ஊரை என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நஸ்ரின் அழவில்லை. தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே ருக்கியா அணில்பெட்டியின் உதவி நம்பரைக் கூப்பிட்டாள். முதலில் ஒரு அணில் பாட்டுப் பாடியது. அது பாடி முடிக்கிறவரைக்கும் இவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு பெண் குரல் வந்தது.

"சொல்லுங்க மேம்."

"எம்புள்ள அழுகுற வீடியோவ இப்பவே எடுங்க. யாரக் கேட்டுப் போட்டீக?"

"பெற்றோர் சம்மதம் இருக்கு மேம். பதிவு பண்ணின நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பி, அது சரியா வந்தப்புறம்தான் வீடியோவைப் பயன்படுத்தினோம்."

"பெத்தவ நான். எனக்கு ஒண்ணும் வரல."

"பதிவான நம்பர் உங்களோடது இல்ல மேம். எடுக்கணும்னாலும் அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும்."

எந்த நம்பர் என்று ருக்கியா கேட்கவே இல்லை. தெரியும். கடை நம்பர்.

அந்த வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆளுக்கொரு போன் இருக்கிறது. ஆனால் கேஸ், கரண்ட், ரேஷன், பள்ளிக்கூடம், ஆதார், பேங்க் என்று எங்கே நம்பர் கேட்டாலும் கொடுப்பது கடை நம்பரைத்தான். அத்தா காலத்திலிருந்து வருகிற ராசியான நம்பர் என்று நூஹு மார்தட்டுவார். வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டு 'ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லு' என்றால், கல்லாவில் இருப்பவர் படித்துச் சொல்லிவிடுவார். எதற்கு என்று கேட்பதில்லை. கேட்டால், 'என்ன, எங்க மேல சந்தேகமா?' என்று முகம் தொங்கிவிடும். ஒரே குடும்பம், ஒரே நம்பர், அதில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் தீயை அள்ளிப் போட வேண்டும்.

"அண்ணே, வீட்டுக்கு வேணாம். வலியங்காடிக்கு விடுங்க," என்றாள் ருக்கியா ஆட்டோக்காரரிடம்.

கடை வாசலில் கால் வைத்ததுமே அவள் கண்ணில் பட்டது ஒரு அட்டை. முன்வரிசையில் மஞ்சள் கவுன்களாகத் தொங்கவிட்டு, மேலே தமிழிலும் மலையாளத்திலும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'அழுகிற பாப்பா கவுன்.' விளம்பரத்தில் நஸ்ரின் போட்டிருந்தது அதே மஞ்சள்.

உள்ளே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சின்னத்தாயி, நூஹுவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, போன்ல ஒரு பாப்பா அழுவுதல்லங்க, அது போட்டிருக்கற கவுனு இதானுங்களா? எங்கூட்டுப் பாப்பா அதே வேணும்னு நிக்குதுங்க."

"இதேதான். அந்தப் பாப்பாவே நம்ம வீட்டுப் பிள்ளைதாம்மா," என்று சொல்லிக்கொண்டே திரும்பிய நூஹு, வாசலில் நிற்பவர்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சொல்லி வாய் மூடல, வந்துருச்சு பாருங்க. வா நஸ்ரின், பெரியத்தா கிட்ட வா."

பிள்ளை தாயின் பின்னால் ஒதுங்கியது. ருக்கியா முன்னால் வந்தாள்.

"பெரிய மச்சான், அந்தப் போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"வீடியோவ எடுக்கச் சொல்லணும். ஓ.டி.பி. இதுக்குத்தான் வருமாம்."

நூஹு கடைப் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கடையில வச்சு என்ன பேச்சு ருக்கியா. வீட்டுக்குப் போ. சாயங்காலம் பேசிக்கலாம்."

"வீடியோவ எடுங்கன்னு கேட்டப்பல்லாம் சாயங்காலம் சாயங்காலம்னு சொல்லித்தான் பிள்ளைக்குக் காது சீழ் புடிச்சுப்போச்சு."

"காதுக்கும் இதுக்கும் என்ன?"

"வலிச்சும் அழுகாம கெடந்திருக்கா. அழுதா படம் புடிச்சுப் போட்டுருவீகளாம். பயம். பெத்த தாய்கிட்ட வலிக்குதுன்னு சொல்ல ஒரு பிள்ளைக்குப் பயம்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த ஷபீர் எழுந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்துவிட்டான். இவனை வைத்துக்கொண்டு ருக்கியா இத்தனை வருஷம் எப்படித்தான் குடும்பம் நடத்தினாளோ.

"குழந்தைன்னா அழும்," என்றார் நூஹு. "அதுல என்ன மானக்கேடு வந்துருச்சு? நாலு ஊர்ல இருந்து நம்ம கடையைத் தேடி வர்றாங்க. இப்படி ஒரு பரஸ்யம் நாமளே போட முடியுமா? அல்லாஹ் சும்மா குடுத்திருக்கான். அதைப் போய் வேணாங்குறியே."

"அல்லாஹ் குடுக்கல. உங்க மகன் குடுத்தான்."

ஏணி மேல் நின்று டப்பா அடுக்கிக்கொண்டிருந்த ஃபிரோஸ் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "சின்னம்மா, எவ்வளவு பேரு பாத்திருக்காங்கன்னு தெரியுமா? நஸ்ரினை எல்லாருக்கும் புடிச்சிருக்கு."

"நீ எறங்கி வா. உன்னைத் தரையில உருட்டிவிட்டு, அழ வச்சு, உங்க காலேஜ் வாசல்ல படம் போட்டுக் காட்டுறேன். எல்லாருக்கும் புடிக்குதான்னு பாப்போம்."

ஃபிரோஸ் வாயை மூடிக்கொண்டான். இறங்கவும் இல்லை.

நூஹுவுக்கு வாடிக்கைக்காரி முன்னால் மரியாதை போகிறதே என்ற கோபம் தலைக்கேறியது. "மலையில இருந்து எறங்கி வந்தவளுக்குக் கடை வியாபாரம் என்ன தெரியும்?"

"எங்க அத்தாவும் கடைதான் வச்சிருந்தாரு. எஸ்டேட் லயத்து ஜனங்களுக்கு அரிசியும் பருப்பும் வித்தாரு. பிள்ளை அழுகைய விக்கல."

சின்னத்தாயி கையில் வைத்திருந்த மஞ்சள் கவுனை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"எனக்கு வேண்டாமுங்க," என்றாள். "பாப்பா காதுல பஞ்சு வெச்சுட்டு நிக்குதுங்க. நீங்க கவுனு காட்டிட்டு இருக்கறீங்க."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். நன்றாகக் கேட்டாள், மகராசி.

ருக்கியா இப்போது கல்லாப் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு ஃபிரோஸுக்கு ஓ.டி.பி. படிச்சுச் சொன்னது யாரு?"

ஷபீர் கல்லாவில் கிடந்த பில்களை அடுக்கத் தொடங்கினான்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"நான்தான்," என்றான் ஷபீர். "போன் பண்ணி நம்பர் கேட்டான். சொன்னேன். எதுக்குன்னு கேக்கல. நம்ம கடையில யாரு கேக்குறா?"

"அதுக்கு மேல எழுதியிருந்ததைப் படிக்கலையா? பிள்ளை படத்தைப் போட்டுக்கச் சம்மதம்னு எழுதியிருக்கும்ல."

"நம்பரை மட்டும்தான் பாத்தேன்."

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாக," என்றாள் ருக்கியா.

அப்போது நஸ்ரின் தாயின் பர்தாவைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, சண்டை போடாதீங்கம்மா. நான் இனிமே அழவே மாட்டேன். பெரியத்தா, நான் அழ மாட்டேன்."

வேறு யாரை அந்தச் சொல் சுட்டதோ இல்லையோ, ஷபீரைச் சுட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தான். அண்ணன் எதிரே போய் நின்றான்.

"அண்ணே, போனைக் குடுங்க."

"போய் உக்காருடா."

"குடுங்கண்ணே."

நூஹு அசையவில்லை. ஷபீர் கையை நீட்டி அண்ணனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துவிட்டான். அந்த வீட்டில் அதுவரை யாரும் செய்யாத காரியம். எதிர்க்கடை அப்புசாமி வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று பார்த்தார். நூஹு கையை ஓங்கினார், பிறகு எதிர்க்கடைக்காரரைப் பார்த்துவிட்டுத் தாழ்த்திக்கொண்டார்.

ருக்கியா தன் போனிலிருந்து உதவி நம்பரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். பாட்டு முடிந்து அதே பெண் குரல் வந்தது. கடைப் போனில் ஓ.டி.பி. விழுந்தது. இந்தத் தடவை ஷபீர் அந்தச் செய்தியை முதல் எழுத்திலிருந்து முழுக்கப் படித்தான். வாய்க்குள் ஒருமுறை, பிறகு சத்தமாக ஒருமுறை. கடைசியில்தான் நம்பரைச் சொன்னான்.

"சரியா இருக்கு சார். விளம்பரம் இன்னைக்கே எல்லா இடத்துல இருந்தும் நீங்கிடும்."

ருக்கியா புருஷனைப் பார்த்தாள். நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஆம்பளை இப்போதுதான் முன்னால் வந்து நிற்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. நெஞ்சு நிறைந்துவிட்டது, பாவம். மகளின் தலையைத் தடவினாள். "அத்தா எடுக்கச் சொல்லிட்டாருடி," என்றாள்.

"மேம், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். "அப்போ இன்னைக்கு மத்தியானம் ஷூட்டிங்கும் கேன்சலா?"

"என்ன ஷூட்டிங்?"

"நஸ்ரின் பாப்பாவோட ரெண்டாவது விளம்பரம் மேம். பாப்பாவை ஸ்கூல்ல இருந்தே கூட்டிட்டு வந்து உங்க கடையிலயே எடுக்கறதா முடிவாகியிருக்கே. டீம் வாளையார் செக்போஸ்ட் தாண்டிட்டாங்க."

ருக்கியா நூஹுவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு," என்றாள் ருக்கியா. "பெரிய மனுசன் பண்ற வேலையா இது?"

"ருக்கியா, போனை வச்சிரு," என்றான் ஷபீர் அவசரமாக. "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

கையை நீட்டினான். அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அந்த அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

போனில் இருந்த பெண்ணுக்கு இங்கே நடப்பது என்ன தெரியும். அவள் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். "முதல்ல பாப்பா அழணும், அணில்பெட்டி போட்டதும் சிரிக்கணும் மேம். பாப்பாவுக்கு அழ வரலைன்னா என்ன பண்றதுன்னு எங்க டைரக்டர் கேட்டார். அம்மா பீர்மேட்டுக்குப் போயிட்டா, இனி வரமாட்டான்னு சொன்னாப் போதும், உடனே அழுதுடுவான்னு ஷபீர் சார்தான் சொல்லியிருக்கார். நோட் பண்ணி வச்சிருக்கோம்."

ஸ்பீக்கரில் வந்ததால் நஸ்ரினும் கேட்டாள். இரண்டு கையாலும் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணன் கேட்டாரு... அவங்க கேட்டாங்கன்னு... சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான் ருக்கியா," என்றான் ஷபீர்.

ருக்கியா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நூஹுவிடமும் பேசவில்லை. இத்தனை நேரம் கத்தினவள் இப்போது கத்தாததுதான் எனக்கே பயமாக இருந்தது. அவனுடைய கையிலிருந்து கடைப் போனையும் பிடுங்கிக்கொண்டாள்.

"மேம், டீமுக்கு என்ன சொல்லட்டும்? திரும்பிடச் சொல்லவா?"

"வேணாம்மா. வரட்டும்," என்றாள் ருக்கியா. "அம்மா பீர்மேட்டுக்குப் போகல, கல்லாவுலதான் உக்காந்திருக்கான்னு சொல்லுங்க."

சொன்னபடியே கல்லாவுக்குள் போனாள். ஷபீர் தள்ளிவிட்டு வந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நூஹுவும் ஃபிரோஸும் ஷபீரும் நின்றார்கள்.